பதினான்கு உறைகள்: தம்பதியருக்கான ஒரு தியானப் பெட்டியைப் பற்றி

காதலர் தினத்தைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடலாமா என்ற கேள்வி பிப்ரவரி மாதம் பிறந்தவுடன் எங்கள் வீட்டில் எழுவதும், அது உலகத்தாருடைய நாள், நமக்கு அதில் பங்கில்லை என்று என் கணவர் சொல்ல, நான் மேற்கொண்டு பேசாமல் விட்டுவிடுவதும் பதினேழு ஆண்டுகளாக வழக்கமாக இருந்தன. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு நாள் மட்டும் பூவும் வாழ்த்தட்டையும் கொடுத்துவிட்டு மற்ற நாட்களில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதை அன்பென்று நானும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் அந்த ஒரு நாளையும் விட்டுவிட்ட பிறகு மற்ற நாட்களில் நாங்கள் ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசினோமா என்று கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. அதனால்தான் கிறிஸ்தவத் தம்பதியருக்கென்று தயாரிக்கப்பட்ட இந்தத் தியானப் பெட்டியை இந்த ஆண்டு வாங்கினேன். பிப்ரவரி 1 முதல் 14 வரை, ஓர் இரவும் விடாமல், இருவரும் அதைப் பயன்படுத்தினோம். பதினான்கு உறைகளையும் முழுமையாகப் படித்தபின் எழுதும் மதிப்புரை இது.

பெட்டிக்குள் இருப்பவை மிக எளிமையானவை: எண்ணிடப்பட்டு ஒட்டப்பட்ட பதினான்கு உறைகள், ஆளுக்கொன்றாக இரண்டு குறிப்பேடுகள், முன்னுரையாக ஒரு சிறு கையேடு. ஒவ்வோர் உறையிலும் ஒரு வேதபகுதியும் அதைப்பற்றிய அரைப்பக்கக் குறிப்பும், இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளும், அன்றைக்கோ மறுநாளோ செய்யவேண்டிய ஒரு சிறு காரியமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. இரவு உணவுக்குப் பிறகு, கைப்பேசிகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு, இருபது நிமிடம் ஒதுக்கும்படி கையேடு சொல்லுகிறது. தாள் தடிமனானது, எழுத்து பெரியது, கண்ணாடியைத் தேடாமல் படிக்க முடிந்தது. உறைகளின் பசை மட்டும் தேவைக்கு மேல் பலமாக இருந்ததால், இரண்டாம் உறையைப் பிரிக்கும்போது உள்ளிருந்த தாளின் ஓரமும் சேர்ந்து கிழிந்தது. மூன்றாம் நாளிலிருந்து கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

இந்தப் பெட்டியின் உண்மையான பலம் அது தேர்ந்தெடுத்திருக்கும் வேதபகுதிகளில் இருக்கிறது. முதல் உறையிலேயே அன்பின் அதிகாரம் எனப்படும் 1 கொரிந்தியர் 13ஓ, வேதத்தின் காதல் பாடலாகிய உன்னதப்பாட்டோ இருக்கும் என்று எதிர்பார்த்த எனக்கு உபாகமம் 24:5 கிடைத்தது. புதிதாக மணம் செய்துகொண்டவன் போருக்குப் போகவேண்டியதில்லை, வேறு எந்த வேலையும் அவன்மேல் சுமத்தப்படக்கூடாது, ஒரு வருஷம் வீட்டில் இருந்து தன் மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று சொல்லுகிற பிரமாணம் அது. இத்தனை ஆண்டுகளாக வேதத்தை முழுவதுமாகப் பலமுறை வாசித்தும் அந்த வசனத்தில் நான் நின்றதில்லை. யுத்தத்திற்கு ஆள் தேவைப்பட்ட ஒரு ஜனத்திடம், ஒரு மனைவியின் சந்தோஷத்திற்காக ஒரு வீரனை ஒரு வருஷம் விட்டுவிடு என்று கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார். மனைவியை மகிழ்விப்பதற்கென்று நாளை ஒதுக்குவது உலகத்தாரிடமிருந்து வந்த பழக்கம் என்று சொல்லிவந்த என் கணவர் அன்றிரவு அந்த வசனத்தை இரண்டாம் முறை சத்தமாக வாசித்தார். கருத்து எதுவும் சொல்லவில்லை. மறுநாள் உறையைத் திறக்க அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

யாக்கோபின் கதையையும் இப்பெட்டி வழக்கத்திற்கு மாறாகக் கையாளுகிறது. ராகேலுக்காக அவன் உழைத்த ஏழு வருஷமும் கொஞ்சநாளாகத் தோன்றியது என்கிற ஆதியாகமம் 29:20 வாழ்த்தட்டைகளில் அடிக்கடி காணப்படும் வசனம். ஆனால் நான்காம் உறை அதே அதிகாரத்தை 31ஆம் வசனம்வரை வாசிக்கச் சொல்லுகிறது. அப்படி வாசிக்கும்போது, அந்த அழகான காதலுக்குள் தகப்பனுடைய தந்திரத்தால் யாக்கோபுக்கு மனைவியாகத் தள்ளிவிடப்பட்ட ராகேலின் அக்காள் லேயாளும், அவள் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கண்ட தேவனும் நம் முன்னே வந்து நிற்கிறார்கள். ஒருவர்மேல் கொண்ட பிரியம் இன்னொருவருக்கு அநியாயமாக முடியக்கூடும் என்பதை ஒரு காதலர் தினத் தயாரிப்பு சொல்லத் துணிந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த இரவுக்கான கேள்வி, "நம் இருவருடைய நெருக்கத்தினால் ஒதுக்கப்பட்டவராக உணருகிறவர் நம் வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்பது. எங்களுக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அது யாருடையது என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை.

எல்க்கானா பிள்ளையில்லாத தன் மனைவி அன்னாளிடம், பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலானவன் அல்லவா என்று கேட்கும் 1 சாமுவேல் 1:8ஐக் கொண்டு, அன்புள்ள கணவனும் மனைவியின் துக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடும் என்று ஐந்தாம் உறை காட்டுவது நுட்பமானது. ஆதிச்சபையின் தம்பதியராகிய ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் பற்றிய ஏழாம் உறையும் அப்படியே. புதிய ஏற்பாடு அவர்களை ஆறு இடங்களில் குறிப்பிடுகிறது. ஓரிடத்திலும் ஒருவரை விட்டு மற்றவரைக் குறிப்பிடவில்லை. சேர்ந்து கூடாரம் பண்ணுகிற தொழிலைச் செய்தார்கள், சேர்ந்து அப்பொல்லோ என்னும் பிரசங்கிக்குத் தேவனுடைய மார்க்கத்தை விவரித்தார்கள், தங்கள் வீட்டில் சபை கூடுவதற்கு இடம் கொடுத்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன அன்பான சொல் ஒன்றாவது வேதத்தில் பதிவாகவில்லை. ஆயினும் வேதத்தில் உள்ள தம்பதியருக்குள் இவர்களைப்போல் வாழவேண்டும் என்று விரும்பத்தக்கவர்கள் இவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்பதாம் உறையைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். அதில்தான் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் வருகிறது. அதன் குறிப்பு, இந்த அதிகாரம் திருமண ஆராதனைக்காக எழுதப்பட்டதல்ல என்று தொடங்குகிறது. கட்சி கட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்து, வரங்களைக்குறித்துப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்குப் பவுல் அதை எழுதினார். ஆகையால் அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது என்பது, சாந்தத்தை இழந்திருந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட கடிந்துகொள்ளுதல். அடுத்து, "தீங்கு நினையாது" என்ற சொற்களை அந்தக் குறிப்பு எடுத்துக்கொள்ளுகிறது. மூலமொழியான கிரேக்கத்தில் அங்கே இருப்பது கணக்கெழுதுகிறவர்கள் பயன்படுத்திய வினைச்சொல். அதாவது, அன்பு தனக்குச் செய்யப்பட்ட தீங்கைக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளாது. இதை நான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் கேட்டதற்கு அடுத்த நிமிடமே கையில் பென்சிலைக் கொடுத்து, நீ எழுதி வைத்திருக்கும் கணக்கில் ஒன்றை இந்தக் குறிப்பேட்டில் எழுது என்று எந்தப் பிரசங்கமும் என்னிடம் கேட்டதில்லை. எழுதியதை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை எந்த விளக்கமும் சொல்லாமல் இருக்கவேண்டும் என்பதே அன்றைய காரியம்.

என் தகப்பனார் மரணப்படுக்கையில் இருந்த வாரத்தில் வேலையைக் காரணம் காட்டி என் கணவர் என்னோடு வராமல் இருந்ததை நான் எழுதினேன். அது நடந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வேலையில் ஏற்பட்ட ஒரு தோல்வியை, அவர் வெளியே யாரிடமும் சொல்லாதிருந்தபோது, நான் என் அக்காவிடம் சொன்னதை அவர் எழுதியிருந்தார். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. என் குறிப்பேட்டை அவர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, "இதை மனதில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் என்னோடு முழங்காற்படியிட்டாய்?" என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டு இல்லை. என்மேல் அவருக்குண்டான பரிதாபமே அதில் இருந்தது. அன்றிரவு நாங்கள் பேசியவை எங்களுடையவை. பெட்டியைத் தயாரித்தவர்கள் அந்த ஒரு தாளுக்காக மட்டும் என் நன்றிக்கு உரியவர்கள்.

இவ்வளவு துணிவாக எழுதத் தெரிந்தவர்கள் உன்னதப்பாட்டுக்கு வந்தவுடன் ஏன் தயங்கினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பத்தாம் உறையில், நேசம் மரணத்தைப்போல வலிது என்கிற வசனத்தையும், திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது என்று அதைத் தொடர்வதையும் மட்டும் அச்சிட்டுவிட்டு, இது கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள அன்பைக் குறிக்கிறது என்று இரண்டு வரிகளில் முடித்துவிட்டார்கள். அப்படிப் பொருள்கொள்ளுவது சபையின் பழமையான வழக்கம் என்பதும், யூதப் போதகர்கள் அதைத் தேவனுக்கும் இஸ்ரவேலுக்கும் உள்ள உறவாக வாசித்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் எட்டு அதிகாரங்கள் முழுவதும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட வாஞ்சையை, அதுவும் பெண்ணே முதலில் பேசத் தொடங்கி, வெட்கமின்றிப் பாடுகிறார்கள். அந்த வாஞ்சை நல்லதாக இருப்பதால்தான் அது உயர்ந்த அன்புக்கு ஒப்பாக நிற்க முடிகிறது. கணவனும் மனைவியும் சரீரத்தைக்குறித்து ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருப்பதைப் பவுல் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார். பதினான்கு உறைகளில் அதற்கு ஓரிடமும் இல்லை. மணமானவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒன்று இதைப் பேசாவிட்டால், எங்களைப் போன்றவர்கள் இதைப்பற்றி நல்ல வார்த்தைகளை வேறு எங்கே கேட்பது?

ஆறாம் உறையில் இருப்பது தெளிவான பிழை. நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம் என்கிற ரூத்தின் வார்த்தைகளை, மனைவி கணவனுக்குச் சொல்லும் வாக்குறுதியாக அந்தத் தாள் அறிமுகப்படுத்துகிறது. ரூத் அவற்றைச் சொன்னது தன் மாமியாராகிய நகோமியிடம். அதுவும் கணவன் இறந்த பிறகு. அதைச் சரியாகச் சொல்லியிருந்தால், மணவாழ்வின் வழியாக வருகிற மற்ற உறவுகளைக்குறித்துப் பேச அருமையான வாசல் திறந்திருக்கும். பன்னிரண்டாம் உறையோ எபேசியர் 5ஆம் அதிகாரத்தை 22ஆம் வசனத்திலிருந்து தொடங்குகிறது. ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லுகிற 21ஆம் வசனம் ஒரு வரி மேலே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாசித்தால் மனைவிக்கு மட்டும் ஒரு கட்டளை இருப்பதுபோல் தோன்றிவிடும். என் கணவரே வேதாகமத்தைத் திறந்து அந்த வரியையும் சேர்த்து வாசித்தார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாக வருத்தியது கையேட்டின் முதல் நான்கு பக்கங்கள். இந்த நாளின் வரலாறு என்ற தலைப்பில், போர்வீரர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்று பேரரசன் கிளாடியுஸ் தடைவிதித்தான், வாலண்டைன் என்ற குருவானவர் அவர்களுக்கு இரகசியமாகத் திருமணம் செய்துவைத்தார், சிறையதிகாரியின் மகளுக்கு "உன் வாலண்டைன்" என்று கையெழுத்திட்ட கடிதத்தை எழுதிவிட்டு இரத்தசாட்சியாக மரித்தார் என்று ஒரு கதை நிச்சயமான சரித்திரம்போல் சொல்லப்பட்டிருக்கிறது. வாலண்டைன் என்ற பெயருள்ள இரத்தசாட்சி ஒருவர் ரோமாபுரிக்கு வெளியே பிளமினியா சாலையில் அடக்கம்பண்ணப்பட்டார் என்பதற்கு ஆதாரம் உண்டு; தெர்னி நகரத்து ஆயராகவும் ஒரு வாலண்டைன் சொல்லப்படுகிறார்; இருவரும் ஒருவரேயா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ஆனால் 268 முதல் 270 வரை ஆண்ட இரண்டாம் கிளாடியுஸ் அப்படி ஒரு தடையை விதித்ததற்குச் சான்று இல்லை. இரகசியத் திருமணங்களும் கடிதமும் நூற்றாண்டுகள் கழிந்தபின் சேர்க்கப்பட்டவை.

பிப்ரவரி 15இல் நடந்த லூப்பர்காலியா என்னும் ரோமப் பண்டிகைக்குப் பதிலாக, கெலாசியுஸ் என்னும் ரோம ஆயர் இந்த நாளை ஏற்படுத்தினார் என்று கையேடு தொடர்ந்து சொல்லுகிறது. 492 முதல் 496 வரை அந்தப் பொறுப்பில் இருந்த கெலாசியுஸ் அந்தப் பண்டிகையைக் கண்டித்து எழுதியது உண்மை. அதற்கு ஈடாகக் காதலருக்கு ஒரு நாளை வைத்தார் என்பது பிற்காலத்தாருடைய ஊகம். இந்த நாளைக் காதலோடு இணைக்கும் பழைய எழுத்துகள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைக்கின்றன. அந்நாளில் பறவைகள் தங்கள் துணையைத் தெரிந்துகொள்ளுவதாக ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் பாடியது அவற்றுள் முதன்மையானது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1969இல் தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது வாலண்டைனின் நினைவு நாளை அதிலிருந்து எடுத்துவிட்டது. இரத்தசாட்சிகளின் பட்டியலில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டால் நாளின் மதிப்பு குறைந்துபோகும் என்று தயாரித்தவர்கள் அஞ்சியிருக்கலாம். அன்பு சத்தியத்தில் சந்தோஷப்படும் என்று ஒன்பதாம் உறையில் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். இரத்தசாட்சியின் பெயரைச் சொல்லி நடவாததை நடந்ததாக எழுதுவது அதற்குப் பொருந்தாது. ஒருவன் நாட்களை விசேஷித்துக்கொண்டால் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்ளட்டும் என்கிற ரோமர் 14ஆம் அதிகாரம் இருக்கும்போது, இந்த நாளைக் கைக்கொள்ள ஒரு கட்டுக்கதையின் துணை நமக்குத் தேவையில்லை. என் கணவருடைய பழைய எதிர்ப்புக்கும் அந்த அதிகாரமே மரியாதை கொடுக்கிறது: நாளை விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்றே விசேஷித்துக்கொள்ளாமலிருக்கிறான்.

மணமாகாதவர்களுக்கும் துணையை இழந்தவர்களுக்கும் இந்தப் பெட்டியில் ஒன்றுமில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன், ஏனெனில் இது தம்பதியருக்கென்று தெளிவாக அறிவித்துக்கொண்டே விற்கப்படுகிறது. ஆனாலும், மணமாகாத பவுலின் அன்பின் அதிகாரத்தையே தன் நடுநாயகமாக வைத்திருக்கும் ஒரு தயாரிப்பு, "மணவாழ்வே அன்பின் நிறைவு" என்று கையேட்டில் எழுதியிருக்கவேண்டியதில்லை. மணத்திற்கு நிச்சயிக்கப்பட்டவர்களுக்கு இதைப் பரிசளிக்கலாமா என்று என்னை ஒருவர் கேட்டார். பாதி உறைகள் அவர்களுக்குப் பயன்படும்; மற்றவை, சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள் இருந்தால்தான் பேசும். 2014 பிப்ரவரி 14 அன்று போப் பிரான்சிஸ் திருமணத்திற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரை வத்திக்கானில் சந்தித்து, அனுமதி கேட்பது, நன்றி சொல்லுவது, மன்னிப்புக் கேட்பது ஆகிய மூன்றையும் பழகிக்கொள்ளும்படி சொன்னார். நிச்சயிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பெட்டியைவிட அந்த மூன்று சொற்களே முதலில் போதுமானவை என்று நினைக்கிறேன்.

கடைசி உறை எளிமையானது: சேர்ந்து உணவருந்துங்கள், பதின்மூன்று நாட்களில் எழுதியவற்றில் ஒன்றை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள், ஜெபியுங்கள். ஈஸ்டருக்கு முன்னான உபவாச காலமாகிய லெந்து காலத்தை அனுசரிக்கிற சபையினர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2018இலும் 2024இலும் பிப்ரவரி 14, லெந்து தொடங்கும் சாம்பல் புதனாக அமைந்தது. 2029இலும் அப்படியே அமையும். அந்த ஆண்டில் உபவாசத்தை விட்டுவிடாமல், பெட்டியை ஒரு நாள் முன்னதாகத் தொடங்கி 13ஆம் தேதியே முடித்துவிடலாம். மண்ணாயிருக்கிறாய் என்று நெற்றியில் சாம்பல் பூசப்படும் நாளும், மரணத்தைப்போல வலிதான நேசத்தை நினைவுகூரும் நாளும் ஒன்றாக வருவதை நாங்கள் இருவரும் இப்போதே எதிர்பார்த்திருக்கிறோம்.

மணமாகிச் சில ஆண்டுகளாவது கடந்த, ஒருவருக்கொருவர் உண்மை பேச மனமுள்ள தம்பதியருக்கு இந்தப் பெட்டியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வரலாற்றுப் பக்கங்களைத் திருத்தும்படி தயாரித்தவர்களுக்கு விவரமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். திருத்திய பதிப்பு வரும்வரை, யாருக்காவது பரிசளித்தால் கையேட்டின் அந்த நான்கு பக்கங்களையும் எடுத்துவிட்டே கொடுப்பேன், ஆறாம் உறையின்மேல் நகோமியின் பெயரையும் எழுதிவைப்பேன். வாங்குகிறவர்களுக்கு நேரத்தைக்குறித்து ஒன்று சொல்லவேண்டும். பெரும்பாலான இரவுகளுக்கு இருபது நிமிடம் போதும், மூன்றாம் உறைக்கும் பதின்மூன்றாம் உறைக்கும் பத்து நிமிடமே அதிகம். ஒன்பதாம் உறையை மட்டும், மறுநாள் காலையில் இருவருக்கும் வேலை இல்லாத ஓர் இரவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் விளக்கை அணைத்தபோது மணி இரண்டரை.